பொய்ப்பூச்சி கட்டுதல்

தூண்டில் முள்ளின்மேல் நூல், இறகு, மயிர் ஆகியவற்றைச் சுற்றிப் பூச்சியின் உருவில் செய்யும் இரையே பொய்ப்பூச்சி. ஆங்கிலத்தில் இது 'ஃப்ளை'. செய்யும் வேலை 'ஃப்ளை டையிங்'. கோலாலம்பூரில் தூண்டில் போடும் நம்மவர்களும் பேச்சில் அப்படியே சொல்வதில் குற்றமில்லை. எழுத வரும்போது 'ஈ கட்டுதல்' என்றால்தான் சிரிப்பு வருகிறது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் சிறகுள்ள பூச்சிகளுக்குப் பொதுப்பெயர். தும்பிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உள்ள ஆங்கிலப் பெயர்களில் இன்றும் அது இருக்கிறது. நம் ஈயோ சோற்றில் மொய்ப்பது.

ட்ரவுட் மீனுக்குக் கட்டும் பொய்ப்பூச்சிகள் பலவற்றுக்கு மாதிரி 'மேஃப்ளை'. இங்கிலாந்தில் மே மாதத்தையொட்டி ஆற்றிலிருந்து கூட்டமாக எழும்புவதால் அந்தப் பெயர். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாகவே இருக்கும் ஊரில் 'மே ஈ' என்றால் யாருக்கு என்ன விளங்கும்? ஈசல் என்று எழுதுவோரும் உண்டு. அது இன்னும் மோசம். ஈசல் மண்ணிலிருந்து வரும் சிறகு முளைத்த கறையான். மேஃப்ளை நீரில் பிறந்து, நீரடியிலேயே இளம்பூச்சியாக நெடுநாள் வளர்கிறது. பின் மேலே வந்து தோலுரித்துச் சிறகு பெறுகிறது. அதன்பிறகு இன்னொரு முறையும் தோலுரிக்கிறது. பறக்கத் தொடங்கியபின் தோலுரிக்கும் பூச்சியினம் இது ஒன்றுதான். முழு வளர்ச்சி பெற்றதும் அது உண்பதில்லை. ஓரிரு நாளில், சில சமயம் சில மணி நேரத்தில், இறந்துவிடும். இதன் அறிவியல் வரிசைப் பெயரான எஃபிமெராப்டெராவில் 'ஒருநாள் நீடிப்பது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் இருக்கிறது. ஆகவே 'ஒருநாட்பூச்சி' என்பேன்.

அடுத்தது 'கட்டுதல்'. ஆங்கிலேயர் இந்த வேலையைக் கட்டுவது என்றும் சொல்வார்கள், உடுத்துவது என்றும் சொல்வார்கள். மிதக்கும் பொய்ப்பூச்சிகளைப் பற்றி ஆங்கிலேயத் தூண்டில்காரர் ஹால்ஃபோர்டு 1886இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் இருப்பது இரண்டாவது சொல். நமக்கு ஒரே சொல் போதும்: பூவும் கட்டுகிறோம், சேலையும் கட்டுகிறோம், வேடமும் கட்டுகிறோம். வெறும் இரும்புக்குப் பூச்சி வேடம் கட்டுவதுதானே இந்த வேலை.

வேலையும் பழையதே. மாசிடோனியர் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளைப் பொருத்தியதை ரோமானிய எழுத்தாளர் ஈலியன் குறித்திருக்கிறார். இன்றும் சேவலின் கழுத்திறகே முதன்மை. அதை முள்ளின் காதருகே சுற்றினால் இழைகள் நாற்புறமும் விறைத்து நிற்கும். பூச்சிக்குக் கால்களாகவும் தோன்றும், நீரில் அமிழாமலும் தாங்கும். பெட்டையின் இறகு மென்மையானது. மூழ்கவேண்டிய பூச்சிக்கே அது ஏற்றது.

மலேசிய ஆறுகள் ட்ரவுட்டுக்கு ஏற்ற குளிர்நீர் அல்ல. இங்கே உள்ளூர் மீன்களான செபராவுக்கும் தோமானுக்கும் சிறுமீன், தவளை உருவங்களையும் கட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் தவளைகூட 'ஃப்ளை'தான்! தமிழில் அந்தக் குழப்பம் வேண்டாம். பொதுப்பெயராகப் 'பொய்யிரை' இருக்கட்டும். அதற்குள் பொய்ப்பூச்சி, பொய்த்தவளை, பொய்ம்மீன் என்று பிரித்துக்கொள்ளலாம்.