கொழுப்பு அனுப்பும் தகவல்

"என் மகனுக்கு 13 வயது. எடை ஏறிக்கொண்டே போகிறது. கொஞ்ச நாள் வாயைக் கட்டினால் சரியாகிவிடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

செலவாவதைவிட அதிகமாகச் சாப்பிட்டால் மிச்சம் கொழுப்பாகச் சேரும். இது பள்ளிப் பாடம்தான். ஆனால் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று மூளைக்கு யார் சொல்வது? எனக்குப் பிடித்த கதை அங்கேதான் இருக்கிறது.

1949-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், ஓயாமல் தின்று பருத்துக்கொண்டே போகும் எலிகள் தென்பட்டன. பின்னாளில் அதேபோல இன்னொரு குண்டு எலி வகையும் கிடைத்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கே பணியாற்றிய டக்ளஸ் கோல்மன் இரண்டிரண்டு எலிகளை ஒட்டித் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றதிலும் ஓடும்படி செய்தார். முதல் வகைக் குண்டு எலியைச் சாதாரண எலியோடு இணைத்ததும் குண்டு எலி தீனியைக் குறைத்துக்கொண்டது. இரண்டாம் வகையை இணைத்தபோதோ, பாவம், சாதாரண எலி சாப்பிடுவதையே நிறுத்திப் பட்டினியால் செத்தது! குண்டு எலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

யோசித்துப் பாருங்கள். "போதும்" என்று சொல்லும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது. முதல் எலிக்கு அதைச் சுரக்கத் தெரியாது. இரண்டாவது எலி அதை ஏராளமாகச் சுரக்கிறது, ஆனால் அதன் மூளையின் காதில் விழுவதில்லை. இரண்டு குண்டு எலிகளையும் இணைத்தபோது முதலாவது பட்டினி கிடந்தது. கணக்கு சரியாக வந்தது.

அந்தப் பொருள் பிடிபட 1994 ஆனது. அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்த அந்த ஹார்மோனின் பெயர் லெப்டின். அதைச் சுரப்பது கொழுப்பு செல்களேதான். குண்டு எலி ஆராய்ச்சிக்கு எதற்கு நிதி என்று கேட்பவர்கள் இந்த 45 ஆண்டுகளை ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியானால் லெப்டின் ஊசி போட்டால் இளைத்துவிடலாமா? பிறவியிலேயே லெப்டின் இல்லாத மிகச் சில குழந்தைகளுக்கு அது அற்புதமாக வேலை செய்கிறது. பருமனான மற்றவர்கள் பெரும்பாலும் இரண்டாவது எலிக்கு நெருக்கம்: லெப்டின் நிறையவே இருக்கிறது, மூளைதான் அதைச் சரியாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பட்டினியால் லெப்டின் குறைந்தால் மட்டும் உடனே உஷாராகிவிடும். பசியைக் கூட்டும், உடல் செலவழிக்கும் ஆற்றலைக் குறைக்கும். பட்டினி டயட்டில் இறங்கிய எடை திரும்ப ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பையனுக்கு மன உறுதி இல்லை என்று திட்டுவது சுத்த அபத்தம். போதாக்குறைக்குப் பருவமடையும் வயதில் இன்சுலினின் வேகமும் இயல்பாகவே மந்தமாகும்.

வாயைக் கட்ட வேண்டாம் ஐயா. இனிப்புப் பானங்களை வீட்டில் எல்லோருமே விடுங்கள், தூக்கத்தைக் கெடுக்காதீர்கள், அவனை ஓடியாட விடுங்கள். எடை மிக அதிகம் என்றால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். இல்லையென்றால், வளரும் பையன் இளைக்கவே வேண்டும் என்றில்லை. எடை இப்போதுள்ள இடத்திலேயே நின்று உயரம் மட்டும் கூடினாலே பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் அளவு) இறங்கிவிடும்.