கடைசிப் பாட்டுக்கு நேரும் கதி

தங்கள் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதையே ஆல்பத்தின் தலைப்பாக வைத்தவர்கள் லெனர்ட் ஸ்கினர்ட் ராக் குழுவினர். 1973 ஆகஸ்டில் வந்த அந்த முதல் ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் ‘ஃப்ரீ பேர்ட்’ பாட்டோடு முடிகிறது. ஒன்பது நிமிடப் பாட்டு. ஸ்லைடு கிடாரின் முனகலோடு மெல்ல நடந்து, பிற்பாதியில் ஆலன் காலின்ஸின் கிடார் பிய்த்துக்கொண்டு ஓடும். அமெரிக்கத் தென்மாநில ராக் இசையின் மறக்க முடியாத அந்த ஓட்டம், இசைத்தட்டின் மிக மோசமான இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

வெளி ஓரத்தில் தொடங்கி நடு லேபிளை நோக்கிச் சுருளாக ஓடும் ஒரே பள்ளத்தில்தான் இசை இருக்கிறது; கடைசிப் பாட்டு லேபிளை ஒட்டி அமைகிறது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. முள் எங்கே இருந்தாலும் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஆனால் வெளி ஓரத்தில் அந்த நேரத்துக்குள் முள்ளின் அடியில் சுமார் 92 செ.மீ. பள்ளம் ஓடிவிடுகிறது; லேபிளை நெருங்கும்போது வெறும் 38 செ.மீ. அதே அளவு இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் திணித்தாக வேண்டும்.

நெரிசலில் முதலில் அடிபடுவது உச்ச சுருதி ஒலிகள். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளம், உள்ளே 21 மைக்ரான். சாதாரண உருண்டை முள்ளின் நுனி ஆரமோ 18 மைக்ரான். பெரிய வண்டிச் சக்கரம் சின்னக் குழிக்குள் இறங்காமல் மேலோடு உருண்டு போவதைப் போல, முள் அலையின் வளைவுகளைத் தவறவிடுகிறது. டிரம்ஸின் சிம்பல் ஓசை கரகரக்கிறது. பக்கத்தின் முடிவில் மென்மையான பாட்டை வைப்பது இதற்கொரு பழைய உத்தி. இங்கே நடந்தது நேர்மாறு.

மறுவெளியீடுகளில் ‘180 கிராம்’ என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்; தட்டின் கனம் பள்ளத்தின் நீளத்தை மாற்றாது. மாற்றுவது வேகம். ஆல்பத்தை இரண்டு தட்டுகளில் பரப்பி, நிமிடத்துக்கு 45 சுழற்சி வேகத்தில் வெட்டினால் கணக்கே வேறு. ஒரு பக்கம் முழுவதையும் ‘ஃப்ரீ பேர்ட்’ பாட்டுக்கே கொடுத்துவிட்டோம் என்று வையுங்கள். ஒன்பது நிமிடத்துக்குச் சுமார் 410 சுற்று. அடுத்தடுத்த பள்ளங்களுக்கு 0.1 மி.மீ. இடைவெளி விட்டால், பாட்டு சுமார் 4 செ.மீ. அகலத்தில் முடிந்துவிடும். அதன் கடைசி நொடியில்கூட முள்ளின் அடியில் பள்ளம் ஓடும் வேகம், பழைய தட்டின் வெளி ஓர வேகத்துக்கு ஏறக்குறையச் சமம்.

பாதி ஆல்பத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டவர், இனி கால் ஆல்பத்துக்கு ஒருமுறை எழ வேண்டும். கடைசிப் பக்கத்தில், பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே மூணு விரற்கடை அகலத்துக்கு வெறும் கறுப்பு வினைல் பளபளத்துக்கொண்டிருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் விலை.