தடா

கோத்தகிரியில் ஒரு பேக்கரி வாசலில் "பிளாஸ்டிக் பைக்குத் தடா" என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. பேச்சிலும் இது சாதாரணம்தான்: அப்பா சினிமாவுக்குத் தடா போட்டுவிட்டார், டாக்டர் இனிப்புக்குத் தடா போட்டுவிட்டார். என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் மட்டும், "அத ஏன் தம்பி கடை வாசல்ல எழுதி வச்சிருக்காங்க?" என்றார். இலங்கை மலையகத்தில் பிறந்து, 1983 கலவரத்துக்குப் பிறகு நீலகிரிக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்.

பழந்தமிழில் தடா என்றால் பெரிய பானை. இன்றைய தடாவுக்கும் அதற்கும் உறவில்லை. இது ஓர் இந்தியச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரின் தலைப்பெழுத்துகள் (TADA) சேர்ந்து பிறந்த சொல். தமிழில் 'பயங்கரவாத மற்றும் சீர்குலைவுச் செயல்கள் தடுப்புச் சட்டம்'. இந்திரா காந்தி கொல்லப்பட்ட மறு ஆண்டு, பஞ்சாப் கொந்தளிப்புக்கு நடுவே, 1985 மே மாதம் வந்தது. இரண்டு ஆண்டுக்கென்று வந்ததை 1987இல் மறுபடி இயற்றி, நீட்டித்துக்கொண்டே போய், 1995 மே மாதம் காலாவதியாக விட்டார்கள். 'தடை'யோடு ஒலி ஒத்ததால்தான் நம் நாக்கில் இவ்வளவு சுலபமாக ஒட்டியது என்று நினைக்கிறேன்.

அது சாதாரணத் தடை இல்லை. மற்ற வழக்குகளில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது, தடாவில் எஸ்.பி. நிலை அதிகாரி பதிவு செய்தால் செல்லும். ஜாமீன் குதிரைக்கொம்பு. கைதானவர்கள் 76 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் தண்டனை பெற்றவர்கள் மிகச் சொற்பம். 1991இல் நடந்த ராஜீவ் காந்தி கொலை தொடர்பான வழக்கில், 1998இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம், அந்தக் கொலை தடா சொல்லும் பயங்கரவாதச் செயல் ஆகாது என்றது. 4 பேருக்கு மரண தண்டனையை உறுதிசெய்து, 3 பேருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரை விடுவித்தது. ஆனால், தடாவின்கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் செல்லும் என்றும் சொன்னது. சட்டம் பொருந்தாது, அதன் வழியே வந்த சாட்சியம் பொருந்தும்! இதை எத்தனை முறை படித்தாலும் என் மனம் ஆறுவதில்லை.

பெரியவருக்கு இதெல்லாம் முன்பே தெரிந்த கதை. இலங்கையில் 1979இல் வந்த சட்டத்தின் பெயர் பயங்கரவாதத் தடைச் சட்டம். தற்காலிகம் என்று வந்தது, 1982இல் நிரந்தரமானது. அங்கும் உதவி எஸ்.பி. முன் கொடுத்த வாக்குமூலம் செல்லும். 2022இல் திருத்தம் வரும்வரை, விசாரணையின்றி 18 மாதம் அடைத்து வைக்க முடிந்தது. "எங்க அண்ணன் பையன அதுலதான் பிடிச்சாங்க. 91க்குப் பிறகு இங்கயும் எங்களக் கண்டா அதே பார்வை" என்றார்.

சரி, எப்படி எழுதலாம்? பிளாஸ்டிக்குக்கும் இனிப்புக்கும் 'தடை' போதும். சட்டத்தைச் சொல்லும்போது 'தடாச் சட்டம்' என்றே எழுதலாம், அது வரலாற்றுப் பெயர். அப்புறம், பத்திரிகைகள் கலந்தடிக்கும் இரண்டு சொற்கள்: தீவிரவாதம் ஒருவர் கொள்கையின் கடுமையைக் குறிப்பது, பயங்கரவாதம் அச்சமூட்டச் செய்யும் வன்செயல். முன்னது கருத்து மட்டத்தில் நின்றால் குற்றமல்ல. கைதான அன்றே எவரையும் 'பயங்கரவாதி' என்று தலைப்பிடாமல், 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்று எழுதுங்கள்.