டாப் கியரை மட்டும் மாற்றினால் போதுமா?

சமதளச் சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட, ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏறக்குறைய 20 குதிரைத்திறன் போதும். இன்ஜினிடம் இருப்பதோ 150, 200. ஆனாலும் அது நிமிடத்துக்கு 3,500 சுற்றைத் தாண்டி இரைந்துகொண்டே இருக்கும். சட்டென்று சீறிப் பாய வசதியாக, கியர் விகிதங்களை (கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டு ஒருமுறை சுற்ற இன்ஜின் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கை) ஒன்றுக்கொன்று நெருக்கமாக அமைத்திருப்பதால் வரும் வினை இது. நெடுஞ்சாலையில் இந்தச் சுற்றையும் பெட்ரோல் செலவையும் குறைக்க ஒரு வழி, டாப் கியரை, அதாவது கடைசி கியரை மட்டும் மாற்றுவது.

கணக்கு எளிது. சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் உருள்கிறது என்று வைத்துக்கொண்டால், 110 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு 917 முறை சுற்றும். அதை ஃபைனல் டிரைவ் விகிதத்தாலும் (கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள கடைசிப் பல்சக்கர ஜோடியின் விகிதம்) டாப் கியர் விகிதத்தாலும் பெருக்கினால் இன்ஜினின் ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. அவை முறையே 4.1, 0.95 என்றால் சுமார் 3,570. டாப் கியரை 0.75 ஆக்கினால் 2,820தான்.

தேவைப்படும் திறன் மாறவில்லையே, பெட்ரோல் ஏன் மிச்சமாகிறது? குறைந்த சுமையில் அதிக ஆர்பிஎம்மில் ஓடும்போது, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருக்கும். அந்தச் சிறு இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கவே பிஸ்டன்கள் திணற வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு சுற்றிலும் உராய்வு வேறு. ஆர்பிஎம் குறைந்தால் அதே திறனுக்கு த்ராட்டில் அகலத் திறக்கும். இரண்டு இழப்பும் குறையும்.

இன்னொரு வழி, ஃபைனல் டிரைவையே மாற்றுவது: அதாவது, இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலில் உள்ள கிரௌன் வீலையும் (பெரிய பல்சக்கரம்) அதைச் சுழற்றும் பினியனையும் (சிறியது) மாற்றுவது. 4.1 என்பது பெரும்பாலும் 41 பல்லும் 10 பல்லும். அதை 40க்கு 11 ஆக்கினால் 3.636. பல் எண்ணிக்கைக்குப் பொது வகுஎண் இல்லாதபடி பார்த்துக்கொள்வது சும்மா அல்ல. 40க்கு 10 என்றால் பினியனின் ஒரு பல் எப்போதும் அதே நான்கு பற்களோடுதான் மோதும். ஒன்றில் குறை இருந்தால் அதே இடம் திரும்பத் திரும்பத் தேயும். 41க்கு 10 என்றால் ஒவ்வொரு பல்லும் எதிரே உள்ள அத்தனை பற்களையும் சந்தித்துவிடும், தேய்மானம் பரவலாகும்.

ஆனால் ஃபைனல் டிரைவை மாற்றினால் எல்லா கியரும் சேர்ந்தே மந்தமாகும். முதல் கியரிலேயே இழுவை 11 சதவீதம் போய்விடும், டாப் கியரிலோ ஆர்பிஎம் 3,170 வரைதான் இறங்கும். வேக சென்சார் கியர்பாக்ஸின் வால்பகுதியில் இருந்தால் இன்னொரு தொல்லை: நிஜத்தில் 110 போகும்போது ஸ்பீடோமீட்டர் 98 காட்டும். அப்புறம், பற்களில் சாயம் தடவி, அவை எங்கே பதிகின்றன என்று பார்த்துப் பார்த்துப் பொருத்த வேண்டும். நெடுஞ்சாலைக்காக மட்டும் என்றால் நான் இதைத் தொடவே மாட்டேன்.

டாப் கியரை மட்டும் மாற்றுவது எவ்வளவு சுலபம் என்பது கியர்பாக்ஸைப் பொறுத்தது. பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார்களில் ஐந்தாவது கியர் ஓரத்து மூடிக்குள் தனியாக இருக்கும். பெட்டியை இறக்காமலே மாற்றலாம். பலவற்றில் முழுவதையும் பிரித்தாக வேண்டும்.

சரி, டாப் கியர் விகிதத்தை எவ்வளவு தூரம் இறக்கலாம்? ஆறாம் தலைமுறை கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் மேனுவல் கியர்பாக்ஸில் ஆறாவது கியர் 0.50, ஃபைனல் டிரைவ் 3.42. 110இல் 1,500ஐ ஒட்டித்தான் சுற்றும். 6 லிட்டர் வி8 என்பதால் அது தாங்குகிறது. 2 லிட்டர் இன்ஜினுக்கு அதே விகிதம் கொடுத்தால் உதறும், சின்ன மேட்டுக்கும் நான்காவதுக்கு இறங்க வேண்டிவரும். நான்காவது கியர் 1.2, டாப் 0.75 என்றாலே, 6,000இல் கியர் மாற்றும்போது ஆர்பிஎம் 3,750க்கு விழும். டாப் பழைய 0.95ஆகவே இருந்தால் 4,750இல் நின்றிருக்கும். முந்திச் செல்லும்போது அந்த ஆயிரம் சுற்றின் அருமை தெரியும்.