ஒலிம்பிக் வந்தால் குடிசைக்கு என்ன ஆகிறது?

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்ததும் வாசகர் ஒருவர் கேட்டார்: "இவ்வளவு பெரிய போட்டி நடந்தால் அந்த ஊர் ஏழைகளுக்கும் நாலு காசு சேருமா, சேராதா?"

கட்டுமானக் கூலி கொஞ்ச நாள் கிடைக்கும், மைதானம் எழுந்து நின்றதும் அது நின்றுவிடும். சாலையும் ரயிலும் வரும். இதெல்லாம் தெரிந்த கதை. என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது நிலத்துக்குள் நடக்கும் ஒரு கணக்கு.

1979-இல் நீல் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துப் புவியியலாளர் அதை விளக்கினார். தமிழில் 'வாடகை இடைவெளி' என்று வைத்துக்கொள்வோம். எந்த மனைக்கும் இரண்டு மதிப்புகள் உண்டு. இப்போது அதன்மேல் நிற்கும் ஓட்டு வீடு ஈட்டித் தருவது ஒன்று. அதைத் தட்டிவிட்டு அங்கே எழுப்பக்கூடிய மிக லாபமான கட்டடம் ஈட்டித் தரக்கூடியது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் அந்த இடைவெளி. முதல் மதிப்பு மாதத்துக்கு 3,000 ரூபாய், இரண்டாவது மதிப்பு 10,000 என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆட்களைக் கிளப்பி, வழக்கு நடத்தி, அனுமதி வாங்கி, குழாய் பதித்து முடிப்பதற்குள் லாபம் கரைந்துவிடும். இரண்டாவது 60,000 ஆனால்? அப்போதுதான் வாசலில் கார் வந்து நிற்கும்.

இதில் அழகு என்னவென்றால், வீடு மாறவில்லை, குடியிருப்பவரும் மாறவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது எண் மட்டும் ஏறியிருக்கிறது. வழக்கமாக இது ஏற இருபது, முப்பது வருடம் பிடிக்கும். பெரிய போட்டி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. ஒரே அறிவிப்பில் அந்த இரண்டாவது எண்ணை, அதாவது மேல் எண்ணை, தூக்கிவிடுகிறது. கூடவே இடைவெளியைத் தாண்டும் செலவையும் குறைத்துவிடுகிறது: சாலை பொதுப்பணத்தில் வருகிறது, அனுமதி ஓடி வருகிறது, 'தொடக்க விழாவுக்கு நாள் நெருங்குகிறது' என்றால் மறுப்பவர் பேச்சு எடுபடுவதில்லை.

ரியோ டி ஜெனிரோவைப் பாருங்கள். 2009 அக்டோபரில் 2016 ஒலிம்பிக் அந்த நகருக்குக் கிடைத்தது. ஒலிம்பிக் பூங்கா அமைந்தது பாஹா ட டிஜூக்கா என்ற வசதியான பகுதியில், பழைய கார் பந்தயத் தடம் இருந்த இடத்தில். அதை ஒட்டி, காயல் கரையில், மீனவர்கள் தொடங்கிய குடியிருப்பு விலா அவுட்டோட்ரோமு. சுமார் 600 குடும்பங்கள். பலரிடம் 1990களில் மாநில அரசு கொடுத்த நில உபயோக உரிமைப் பத்திரமும் இருந்தது. பத்திரம் இருந்ததால்தான் பேரம் பேச முடிந்தது, சிலருக்கு நல்ல இழப்பீடும் கிடைத்தது. இரண்டு பல்கலைக்கழகங்களின் துணையோடு, இடிக்காமலே குடியிருப்பை மேம்படுத்தும் திட்டம் ஒன்றையும் அவர்களே தீட்டினார்கள். 2013-இல் அதற்குப் பரிசுகூடக் கிடைத்தது. இடிப்பது நிற்கவில்லை. பூங்கா நிலத்தில் பெரும்பகுதி போட்டிக்குப் பின் தனியார் கட்டுமானத்துக்குப் போவதாகத்தான் ஒப்பந்தம். மேல் எண் யாருடைய கணக்கில் ஏறியது என்று புரிகிறதல்லவா?

மெட்ரோவும் இப்பானேமாவிலிருந்து பாஹாவுக்குத்தான் நீண்டது, இரண்டு முனையும் பணக்காரப் பகுதி. தினமும் மணிக்கணக்காகப் பேருந்தில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வரும் வடக்குப் புறநகர்க்காரர்களுக்கு அது எட்டவில்லை.

ஒரு சொந்தப் புலம்பல். போட்டியை வாங்குவதற்கு முன் 'பொருளாதாரப் பலன்' கணிக்கும் அறிக்கைக்குப் பணம் தாராளமாகக் கிடைக்கிறது. வெளியேறிய குடும்பங்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்து வருமானத்தைக் குறித்துக்கொள்ளும் ஆய்வுக்குக் காசு தர ஆள் தேட வேண்டியிருக்கிறது. அந்தக் கணிப்புகளை எல்லாம் நான் ராசிபலன் பக்கத்தோடு சேர்த்துத்தான் படிக்கிறேன்.

சரி, ரியோவில் அந்த லாபமாவது வந்ததா? வீரர்கள் தங்கிய 31 அடுக்குமாடிகளில் 3,604 வீடுகள், பின்னால் வசதியானவர்களுக்கு விற்பதற்காகக் கட்டியவை. அதற்குள் பிரேசில் பொருளாதாரம் சரிந்தது. போட்டி நடக்கும்போது பத்தில் ஒன்றுகூட விலைபோகவில்லை. மேல் எண் என்பது ஊகம்தானே, அது இறங்கவும் செய்யும். ஆனால் அது இறங்கும்போது இடித்த வீடு திரும்ப எழுவதில்லை. விலா அவுட்டோட்ரோமுவில் கடைசிவரை நகராமல் நின்றவை சுமார் 20 குடும்பங்கள். தொடக்க விழாவுக்குச் சில நாள் முன்பு, அதே மண்ணில், ஒரே மாதிரி சின்ன வெள்ளை வீடுகளின் சாவி அவர்கள் கைக்கு வந்தது.