மார்கழிச் சூரியனை நம்பி ஜன்னல் வைக்காதீர்கள்

காரைக்குடியைச் சுற்றி வீட்டு பிளான் போட்டுக் கட்டிக்கொடுப்பது என் வேலை. ஆரம்ப காலத்தில் நான் செய்த ஒரு தப்பிலிருந்தே தொடங்குகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்த ஒரு அண்ணன், காலை வெயில் சாமி அறைக்குள் நுழைந்து படத்தின் மேல் நேராக விழ வேண்டும் என்று ஆசைப்பட்டார். அப்போது மார்கழி. "இருபது நாளாப் பாக்குறேன் தம்பி, அந்தத் தென்னைக்கு நேராத்தான் வருது, அதுதான் கிழக்கு" என்றார். நானும் விடியற்காலையில் போய்ப் பார்த்தேன், அங்கேதான் வந்தது. சரி என்று அதற்குத் தோதாக ஜன்னலை வைத்தோம். பங்குனியில் போன் வருகிறது, வெளிச்சம் படத்தை விட்டு ஆறடி தள்ளி அலமாரிக்கு விட்ட இடத்தில் விழுகிறதாம். இடித்துக் கட்டிய செலவில் பாதி என் தலையில்.

இருபது நாள் பார்த்ததுதான் எங்களை ஏமாற்றியது. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது, அந்தச் சாய்வு மாறாமலேயே சூரியனைச் சுற்றி வருகிறது. அதனால் பாதி வருடம் வடபாதி சூரியனை நோக்கிச் சாயும், மீதி வருடம் தென்பாதி. நம் ஊரில் நேர் கிழக்கில் சூரியன் உதிப்பது மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் மட்டும்தான். ஜூன் 21 அன்று அதிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கும், டிசம்பர் 21 அன்று அதே அளவு தெற்கே. இந்த இரண்டு ஓரங்களிலும் சூரியன் தயங்கித்தான் திரும்பும். மார்கழி முழுக்கப் பார்த்தாலும் உதிக்கும் இடம் 2 பாகை அளவுக்குத்தான் நகரும், ஆனால் பங்குனியில் ஒரே வாரத்தில் அதைவிட அதிகமாக ஓடிவிடும். பதினைந்தடி ஆழமுள்ள அறையில் 24 பாகை என்பது ஆறரை அடி. மறையும் இடமும் மேற்கே இதே கணக்குத்தான்.

இன்னொரு தவறான நினைப்பு, உச்சி வெயில் எப்போதும் தெற்கிலிருந்துதான் வரும் என்பது. காரைக்குடி 10 பாகை வடக்கில் இருக்கிறது, அதனால் சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்துவிடும், அப்புறம் ஆகஸ்ட் கடைசி வரை வடக்குப் பக்கம்தான். கிழக்கு மேற்காக நீண்ட நம் பழைய வீடுகளின் வளவில், அதாவது தூண் வைத்த தாழ்வாரங்கள் சூழ்ந்த நடு முற்றத்தில், நின்று பாருங்கள், ஆனியில் நண்பகல் வெயில் தெற்குத் தாழ்வாரத் தூண்களின் அடியைத் தொடும், மார்கழியில் வடக்குத் தூண்களைத் தாண்டி உள்ளே ஏறும். மொட்டை மாடியில் சோலார் போடுகிறவர்கள் "வடக்கேதானே டேங்க், நிழல் விழாது" என்கிறார்கள். வைகாசி, ஆனிக் காலை வெயில் வடகிழக்கிலிருந்து வருகிறது, டேங்கின் நிழல் தென்மேற்காக நீண்டு பேனல் மேலேயே படுக்கும்.

சரி, கிழக்கை எப்படிக் குறிப்பது? போனில் இருக்கும் திசைகாட்டியைக் கம்பி கட்டிய சைட்டில் நம்பவே மாட்டேன், பக்கத்தில் இரும்பு இருந்தால் அது எங்கே வேண்டுமானாலும் திரும்பும். சிலர் சரியாக 12 மணி நிழலைப் பிடித்து வடக்கு என்பார்கள். அதுவும் தப்பு. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் அதற்கு மேற்கே 78.8 பாகையில் இருக்கிறோம். இங்கே உண்மையான நண்பகல் நவம்பர் தொடக்கத்தில் 12 மணியை ஒட்டி வரும், பிப்ரவரி நடுவில் 12:29 ஆகிவிடும்.

பழைய முறையே போதும். சமதரையில் ஒரு கம்பியைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நடுங்கள். அதைச் சுற்றிக் கயிற்றால் ஒரு வட்டம். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு ஆணி, பிற்பகலில் தொடும் இடத்தில் இன்னொன்று, இரண்டுக்கும் நூல் பிடித்தால் கிழக்கு மேற்கு. எந்த மாதமும் செய்யலாம், வெயில் மட்டும் இருந்தால் போதும். கொத்தனார் முதலில் சிரிப்பார், சாயங்காலம் நூலைக் கட்டும்போது அவரே வந்து பிடிப்பார்.