‘ஷ்’ தொலைந்த வழியும் தொலையாத வழியும்

யூதர்களின் ஓய்வுநாளுக்கு எபிரேயத்தில் ‘ஷபாத்’ என்று பெயர். ஆங்கிலத்தில் அது ‘சபத்’. மோஷே அங்கே மோசஸ் ஆகிவிட்டார், ஷ்லோமோ சாலமன் ஆகிவிட்டார், மீட்பரைக் குறிக்கும் மாஷியாக் என்ற சொல் ‘மெசாயா’ ஆகிவிட்டது. எல்லாவற்றிலும் தொலைந்துபோனது ‘ஷ’ ஒலிதான். ஆனால் நியூயார்க் பேச்சில் புழங்கும் ‘ஷ்மூஸ்’ (அரட்டையடித்துப் பழகுவது), ‘ஷ்லெப்’ (இழுத்துக்கொண்டு அலைவது), ‘ஷ்டிக்’ (ஒருவருடைய வழக்கமான வேடிக்கை) போன்ற சொற்களில் ‘ஷ்’ அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இவையும் யூதர்களிடமிருந்து ஆங்கிலம் வாங்கியவைதான். வந்த வழிதான் வேறு.

முதல் வழி ஏட்டு வழி. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கினார்கள். கிரேக்கத்தில் ‘ஷ’ என்ற ஒலியும் இல்லை, அதற்கு எழுத்தும் இல்லை. கைவசம் இருந்த ‘ஸ’வைப் போட்டு எழுதினார்கள். அது லத்தீனுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆமென், அல்லேலூயா, ஓசன்னா எல்லாம் இப்படி ஏடுவிட்டு ஏடு மாறி வந்த சொற்கள்தான். ‘ஜூபிலி’யும் அப்படியே. ‘யோவேல்’ என்றால் ஆட்டுக்கடாவின் கொம்பு. 50 ஆண்டுக்கு ஒருமுறை அதை ஊதி விடுதலை ஆண்டை அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். லத்தீனில் ஏற்கெனவே மகிழ்ச்சி ஆரவாரத்தைக் குறிக்க ஏறத்தாழ இதே ஓசையில் ஒரு சொல் இருந்ததால், இரண்டும் ஒட்டிக்கொண்டன. கொம்பு மறைந்து கொண்டாட்டம் நின்றது.

மறைநூலிலிருந்து வந்தும் ‘ஷ’வை விடாத சொல் ஒன்று உண்டு: ‘ஷிபோலெத்’. விட முடியாது, ஏனென்றால் கதையே அந்த ஒலியைப் பற்றியது. அந்நூலின் நியாயாதிபதிகள் ஆகமத்தில், யோர்தான் ஆற்றுத் துறையைப் பிடித்துக்கொண்ட கீலேயாத்தியர், கடக்க வருபவனிடம் ‘ஷிபோலெத்’ சொல்லச் சொல்வார்கள். அவர்களுக்குப் பகையான எப்பிராயீம் குலத்தான் ‘சிபோலெத்’ என்பான். அதோடு அவன் கதை முடிந்தது. கொல்லப்பட்டவர்கள் 42,000 பேர் என்கிறது மறைநூல். ஆளை அடையாளம் காட்டிக்கொடுக்கும் எந்தச் சொல்லுக்கும் ஆங்கிலத்தில் இன்று இதுதான் பெயர். 1983 ஜூலையில் இலங்கையில் பேருந்துகளை மறித்து, வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லித் தமிழரைப் பிரித்தெடுத்தார்களே, அதுவும் ஷிபோலெத்தான்.

இரண்டாவது வழி தெரு. அங்கே வந்தது நேரடி எபிரேயம் அல்ல, இத்திஷ். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரைன் நதிக்கரை யூதர்களிடம் உருவான மொழி அது. உடம்பு ஜெர்மன், எழுத்து எபிரேயம்; கிழக்கே குடிபெயர்ந்தபோது போலிஷ், உக்ரேனியச் சொற்களும் சேர்ந்தன. 1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதும் யூதர்கள் மீது தாக்குதல்கள் வெடித்தன. அப்போது தொடங்கி, 1924இல் அமெரிக்கா குடியேற்றக் கதவைச் சாத்தும்வரை ஏறத்தாழ 20 லட்சம் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் கடை, தையல் பட்டறை, நாடக மேடை எங்கும் இத்திஷ்.

காதால் கேட்டு வாயால் வாங்கிய சொல்லுக்கு நடுவில் கிரேக்க எழுத்தர் இல்லை. அதனால் ‘ஷ்’ தப்பித்தது. ‘ஷ்மூஸ்’ சொல்லின் மூலம், வதந்தி என்று பொருள்படும் ‘ஷ்முவோத்’ என்ற எபிரேயச் சொல். ஏட்டு வழியில் வந்திருந்தால் அதுவும் ‘ஸ’வாகியிருக்கும். பொருளிலும் வேறுபாடு தெரிகிறது. ஏடு தேவதூதரையும் மீட்பரையும் கொடுத்தது. தெரு ‘பேகல்’ ரொட்டியையும், கைகால் தட்டுத் தடுமாறுபவனுக்கு ‘க்ளட்ஸ்’ என்ற பட்டத்தையும் கொடுத்தது. ‘ஹுட்ஸ்பா’ என்றால் அசாத்தியத் துணிச்சல். அப்பா அம்மாவைக் கொன்றுவிட்டு, “நான் அநாதை, கருணை காட்டுங்கள்” என்று நீதிபதியிடம் கேட்பவனிடம் இருப்பது அதுதான் என்பது பழைய நகைச்சுவை. 1998இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி அன்டோனின் ஸ்காலியா இந்தச் சொல்லைத் தன் கருத்துரையிலேயே எழுதினார்.

எனக்குப் பிடித்தது, இத்திஷ் சொற்களோடு ஒரு இலக்கணமும் உள்ளே நுழைந்ததுதான். பணத்தைக் குறிக்கும் ஆங்கில ‘மணி’யை வைத்து ‘மணி, ஷ்மணி’ என்பார்கள் அமெரிக்கர்கள். சொல்லைத் திருப்பிச் சொல்லி, முதல் மெய்யைத் தூக்கிவிட்டு ‘ஷ்ம’ போட்டால் போதும், எந்தச் சொல்லையும் இளக்காரம் செய்யலாம். ஆங்கிலச் சொல்லின் முதலில் ‘ஷ்’ஷுக்கு அடுத்து வழக்கமாக வரும் மெய் ‘ர்’ மட்டுமே. அந்தத் தடையை இந்த இரவல் உடைத்தது. தமிழர்களுக்கு இது புதிதா என்ன? ‘பணம் கிணம்’, ‘காசு கீசு’ என்று குறிலுக்குக் ‘கி’யும் நெடிலுக்குக் ‘கீ’யும் போட்டுத் தினமும் பேசுகிறோம். ஆனால் வேலை வேறு. ‘பணம் கிணம்’ என்றால் பணமோ அதுபோன்ற எதுவோ. ‘மணி, ஷ்மணி’ என்றால் பணமாம் பெரிய பணம்!

தெரு வழிக்கு ஒரு தொல்லையும் உண்டு. எபிரேய எழுத்தில் எழுதப்படும் மொழி என்பதால் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதில் ஓயாத சண்டை. 2013இல் அமெரிக்காவின் தேசிய எழுத்துக்கூட்டுப் போட்டியில் இந்திய வம்சாவளிச் சிறுவன் ஒருவன் வென்றான். கடைசிச் சொல் ‘க்னேடல்’, சூப்பில் போடும் ஒரு மாவுருண்டை. அகராதியில் உள்ளபடி நடுவில் ‘ஏ, ஐ’ போட்டுச் சொன்னான். நியூயார்க்கின் யிவோ இத்திஷ் ஆய்வு நிறுவனத்தின் முறைப்படி அங்கே வரவேண்டியது ‘ஈ, ஒய்’. அந்த உருண்டையைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்தவர்கள் பல நாள் விவாதித்தார்கள். கோப்பை சிறுவனிடமே இருந்தது.